வில்லியம் டி வாரனின் நிலங்கள்: வாளால் வென்றவைதானா?

நீங்கள் கேட்டிருப்பது 1066இல் இங்கிலாந்தை வென்ற நார்மன் படையில் இருந்த வில்லியம் டி வாரனைப் பற்றி. நார்மண்டியில் ஒரு நடுத்தரப் பிரபு வீட்டின் இளைய மகனாகப் பிறந்தவருக்கு, இருபதே ஆண்டுகளில் இங்கிலாந்தின் பதின்மூன்று மாவட்டங்களில் நிலம் சேர்ந்தது எப்படி, எல்லாம் போரில் பிடித்ததுதானா என்பது உங்கள் கேள்வி.

போரில் பிடித்ததுதான் என்று அவருடைய வாரிசே சொன்னதாக ஒரு கதை உண்டு. முதலாம் எட்வர்ட் அரசர் 1279 வாக்கில் பிரபுக்களை அழைத்து, "எந்த உரிமையில் இதையெல்லாம் அனுபவிக்கிறீர்கள், பத்திரத்தைக் காட்டுங்கள்" என்று விசாரணை நடத்தினார். வாரன் குலத்தின் அன்றைய தலைவரான ஜான், துருப்பிடித்த பழைய வாள் ஒன்றை நீதிபதிகள் முன் நீட்டி, "இதுதான் என் பத்திரம். என் முன்னோர்கள் வில்லியம் அரசரோடு வந்து இந்த நிலத்தை வாளால் பிடித்தார்கள். நானும் வாளால்தான் காப்பேன்" என்றாராம். துறவி ஒருவர் எழுதிய வரலாற்றில் வரும் இந்தக் காட்சி நடந்ததா என்பதில் ஆய்வாளர்களுக்குப் பலத்த ஐயம் இருக்கிறது. நடந்தே இருந்தாலும் ஜான் சொன்னது பாதி உண்மைகூட இல்லை என்பது என் கருத்து. அவருடைய முன்னோரின் நிலக்கணக்கு நம்மிடம் இருக்கிறது. அதில் வாளைவிடத் தராசுதான் அதிகம் தெரிகிறது.

முதலில் ஆள் யார் என்று பார்த்துவிடலாம். வாரன் என்ற பெயர், நார்மண்டியின் தியெப் துறைமுகத்துக்குத் தெற்கே ஓடும் வாரென் என்ற சிற்றாற்றிலிருந்து வந்தது. தந்தை பெயர் ரோதுல்ஃப். குடும்ப நிலம் மூத்தவருக்குப் போய்விடும்; இளையவர் பிரபு ஒருவரிடம் சேவகம் செய்துதான் பிழைக்க வேண்டும். வில்லியம் சேவகம் செய்தது பின்னாளில் இங்கிலாந்தை வென்ற நார்மண்டிக் கோமகன் வில்லியமிடமே. இருவருக்கும் உறவுமுறையும் இருந்தது. கோமகனுக்கும் அவருக்கும் ஒரே பெயர் என்பதால் இனி இவரை வாரன் என்றே அழைக்கிறேன்.

அவருக்கு முதல் சொத்து வந்த விதத்தைக் கவனியுங்கள். 1054இல் மோர்த்தமேர் என்ற இடத்தில் பிரெஞ்சுப் படையை நார்மன்கள் தோற்கடித்தார்கள். அந்தக் கோட்டைக்கு உரியவரான ரோஜர் டி மோர்த்தமேர் வென்ற தரப்பில்தான் போரிட்டார். ஆனால் எதிரித் தலைவர்களில் ஒருவர் அவருக்கு வேண்டியவர். அவரைக் கோட்டைக்குள் வைத்துப் பாதுகாத்து, பத்திரமாக வழியனுப்பி வைத்தார். கோமகனுக்குக் கோபம் வந்தது, கோட்டை பறிபோனது. பறித்ததைத் தூக்கி வாரனிடம் கொடுத்தார். பிறகு ரோஜருடன் சமாதானம் ஆகி வேறு நிலங்களைத் திருப்பித் தந்தபோதும் மோர்த்தமேர் மட்டும் திரும்பவில்லை. இதில் ஒரு வேடிக்கை: ரோஜரின் வம்சம் இழந்த கோட்டையின் பெயரைக் கைவிடவே இல்லை. இங்கிலாந்து வரலாற்றில் பின்னால் பெரிய ஆட்டம் ஆடிய மார்ட்டிமர் குடும்பம் அதுதான். ஊர் வாரனிடம், ஊர்ப்பெயர் அவர்களிடம்.

1066இல் நார்மன்கள் இங்கிலாந்தை வென்ற ஹேஸ்டிங்ஸ் போரில் கலந்துகொண்டதாக இன்று பெருமை பேசும் ஆங்கிலக் குடும்பங்கள் ஏராளம். காலத்தை ஒட்டிய சான்றுகளால் உறுதியாகப் பெயர் தெரிந்தவர்களோ மிகச் சிலர். வாரன் அந்தச் சிலரில் ஒருவர். அடுத்த ஆண்டே அரசர் நார்மண்டிக்குத் திரும்பியபோது, நாட்டைப் பார்த்துக்கொள்ள விட்டுச்சென்றவர்களுக்குத் துணையாக இவரும் இருந்தார்.

இனி நிலத்துக்கு வருவோம். 1085 கிறிஸ்துமஸ் சமயத்தில் குளோஸ்டரில் அவை கூட்டிய அரசர் வில்லியம், நாடு முழுவதும் நிலக்கணக்கு எடுக்க ஆணையிட்டார். அடுத்த ஆண்டு எடுக்கப்பட்ட அந்தக் கணக்குதான் டூம்ஸ்டே புத்தகம். ஒவ்வோர் ஊருக்கும் அடிப்படைக் கேள்விகள் இவை: நார்மன்களுக்கு முந்தைய ஆங்கிலேய அரசர் எட்வர்ட் இறந்த 1066இல் இது யாரிடம் இருந்தது, இப்போது யாரிடம், ஆண்டு மதிப்பு அன்று என்ன, இன்று என்ன. வாரன் பெயரில் உள்ள பதிவுகளைக் கூட்டினால் ஆண்டுக்கு 1,100 பவுண்டுக்குச் சற்று மேல் வருகிறது. ஒரு பவுண்டு என்பது 240 வெள்ளிக் காசு. மொத்த இங்கிலாந்தின் மதிப்பே ஏறத்தாழ 72,000 பவுண்டுதான். அரச குடும்பத்தையும் ஆலயங்களையும் விட்டுவிட்டால், நாட்டின் மிகப் பெரிய நிலப்பிரபுக்கள் ஐந்தாறு பேரில் அவர் ஒருவர். இதை இன்றைய டாலருக்கு மாற்றி உலக மகா பணக்காரர்கள் பட்டியலில் இவருக்கும் ஓர் இடம் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கணக்கை நம்பாதீர்கள். விற்கவே முடியாத நிலத்துக்கு ஏது சந்தை விலை?

விற்க முடியாது என்பது முக்கியம். நிலம் அவருக்குச் சொந்தம் அல்ல. நாட்டின் நிலம் முழுவதும் அரசருடையது. வாரன் அதை அரசரிடமிருந்து பெற்று அனுபவிப்பவர். பதிலுக்குக் குதிரை வீரர்களை அனுப்ப வேண்டும், அவைக்கு வர வேண்டும், அரசர் சொன்ன வேலையைச் செய்ய வேண்டும். அவர் தம் பங்காக ஒரு பகுதியை நேரடிப் பண்ணையாக வைத்துக்கொண்டு, மீதியைத் தம் ஆட்களுக்குப் பிரித்துக் கொடுத்தார். அந்த ஆட்களில் பலர் நார்மண்டியில் அவருடைய அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள். கடலைத் தாண்டி வந்தும் பழைய ஊர்க்கட்டு கலையவில்லை.

முதல் பெரிய மானியம் தென்கரையில் சசெக்ஸில் கிடைத்தது. அந்த மாவட்டத்தை நார்மன்கள் வடக்கிலிருந்து கடல்வரை நீளும் பட்டைகளாக வெட்டினார்கள். பட்டைக்கு ஒரு கோட்டை, ஒரு பிரபு. நார்மண்டிக்குப் போகும் கடல் வழியைக் காக்க நம்பகமான ஆட்கள் வேண்டும் என்பதுதான் காரணம். ஊஸ் ஆறு ஓடும் லூயிஸ் பட்டை வாரனுக்கு வந்தது. லூயிஸ் நகரில் அவர் கட்டிய கோட்டைக்கு ஒன்றுக்கு இரண்டாக மண்மேடுகள். இங்கிலாந்தில் அப்படி அமைந்தவை மிக அபூர்வம். பட்டையில் இருந்த வளமான மேனர்கள் (ஊரும் பண்ணையும் சேர்ந்த பிரபு நிலங்கள்) பல, எட்வர்ட் அரசரிடமும் அரசி ஈடித்திடமும் ஹேஸ்டிங்ஸில் தோற்று இறந்த ஆங்கிலேய அரசர் ஹெரால்டிடமும் இருந்தவை. ஹெரால்டின் நிலத்தைப் பொறுத்தவரை ஜானின் வாள் கதை ஓரளவு பொருந்தும் என்று ஒப்புக்கொள்கிறேன்.

லூயிஸ் நகரைப் பற்றிய டூம்ஸ்டே பதிவு எனக்கு எப்போதும் சலிக்காது. சந்தையில் குதிரை விற்றால் விற்பவர் நகர அதிகாரிக்கு ஒரு காசு தர வேண்டும், வாங்குபவர் ஒரு காசு. மாடு என்றால் அரைக் காசு. மனிதன் என்றால் நான்கு காசு. ஆம், அடிமை விற்பனைதான். மாட்டுக்கு அடுத்த வரியிலேயே, எந்தத் தயக்கமும் இல்லாமல் எழுதப்பட்டிருக்கிறது. ஒருவரைக் காயப்படுத்தி ரத்தம் சிந்தவைத்தால் அபராதம் 7 ஷில்லிங் 4 காசு (ஒரு ஷில்லிங் 12 காசு). அருகே பிரிஸ்டெல்மெஸ்டுனே என்ற மீனவ ஊர். அதன் ஒரு பகுதிக்கு ஆண்டு வாடகை 4,000 ஹெர்ரிங் மீன்கள். இன்று கோடை விடுமுறைக் கூட்டம் குவியும் பிரைட்டன் அதுதான். வாரனின் பெருஞ்செல்வம் என்று நாம் சொல்வது இந்த மீனும் சந்தைக் காசும் குடியானவர்களின் உழைப்பும் அடிமைகளின் உடலும் சேர்ந்தது.

இப்போது நான் சொல்லவந்த விஷயத்தின் நடுப்பகுதிக்கு வருகிறோம். 1070களின் தொடக்கத்தில் அரசர் சசெக்ஸ் பட்டைகளைத் திருத்தி அமைத்தார். லூயிஸுக்கு மேற்கே பிராம்பர் என்ற புதுப் பட்டையை உருவாக்கி வில்லியம் டி பிரயோஸ் என்பவருக்குக் கொடுத்தார். அதற்கான நிலத்தில் ஒரு பகுதி வாரனிடமிருந்து எடுக்கப்பட்டது. கிழக்கு ஓரத்திலும் கொஞ்சம் போனது. வாளால் வென்றவர் என்றால் வாளை உருவியிருக்க வேண்டாமா? வாரன் ஈடு வாங்கிக்கொண்டார். தொலைவில் கிழக்குக் கரையில் உள்ள நார்ஃபக் பதிவுகளைப் புரட்டினால், இந்த நிலம் லூயிஸ் கைமாற்றுக்காகக் கிடைத்தது என்ற குறிப்பு மீண்டும் மீண்டும் வருகிறது. எழுத்தர்கள் அதைக் கடமைக்கு எழுதவில்லை. நாளை வேறொருவர் உரிமை கோரினால் காட்டுவதற்குத்தான். துருப்பிடித்த வாளுக்கு முன்பே வாரன் குடும்பத்திடம் பத்திரம் இருந்தது.

நார்ஃபக்கில் இன்னொரு பங்கு மனைவி வழியாக வந்தது. வாரனின் மனைவி குந்த்ராடா, பிளாண்டர்ஸ் நாட்டவர். அவருடைய சகோதரர்கள் இருவர். கெர்போட் சிறிது காலம் செஸ்டரின் பிரபுவாக இருந்துவிட்டு 1071 வாக்கில் பிளாண்டர்ஸுக்குப் போனார், அங்கே சிறைப்பட்டார். ஃபிரெடெரிக்குக்கு, டோக்கி என்ற ஆங்கிலேயர் வைத்திருந்த நிலங்கள் நார்ஃபக், சஃபக், கேம்பிரிட்ஜ்ஷயர் பகுதிகளில் கொடுக்கப்பட்டன. ஆண்டுக்கு 100 பவுண்டுக்கு மேல் மதிப்பு. 1070 வாக்கில் ஈலியின் சதுப்பு நிலத்தில் கலகம் செய்த ஹெரிவர்டின் ஆட்கள் ஃபிரெடெரிக்கைக் கொன்றார்கள். நிலம் மைத்துனருக்கு வந்தது. ஹெரிவர்டை வாரன் பழிவாங்கத் துடித்தார் என்றும் ஹெரிவர்ட் எய்த அம்பு அவரைக் குதிரையிலிருந்து வீழ்த்தியது என்றும் பின்னாளில் கதை கட்டினார்கள். கதையில் வாரன் தோற்கிறார். கணக்கேட்டில் லாபம் அவருக்கு.

ஃபிரெடெரிக்கிடமிருந்து வந்த ஊர்களில் ஒன்று காசில் ஏக்கர். இன்று அங்கே போனால் பிரமாண்டமான மண் அரண்களும் சிதைந்த கோட்டையும் தெரியும்; நார்மன் அடக்குமுறையின் அடையாளம் என்று உடனே தோன்றும். 1970களில் அங்கே நடந்த அகழாய்வு அந்த எண்ணத்தைப் புரட்டிப்போட்டது. வாரன் காலத்தில் அங்கே இருந்தது லேசான காவலோடு கூடிய, கல்லால் கட்டிய இரண்டு மாடி வீடு. மனைவி மக்களோடு வசதியாக வாழ்வதற்கான கிராமத்து மாளிகை. அதன் சுவர்களைத் தடிப்பாக்கிக் கோட்டையாக மாற்றும் வேலை அவர் இறந்து பல பத்தாண்டுகள் கழித்து, பன்னிரண்டாம் நூற்றாண்டின் உள்நாட்டுப் போர்க்காலத்தில்தான் நடந்தது. தம் நிலத்தைப் பற்றி அவருக்கு அவ்வளவு அச்சம் இல்லை போலும்.

வடக்கே யார்க்‌ஷயரில் கொனிஸ்பரோ கிடைத்தது. இதுவும் ஹெரால்டினுடையது, சுற்றியிருந்த ஏராளமான சிற்றூர்கள் அதற்குக் கட்டுப்பட்டவை. அங்கே இப்போது நிற்கும் உருண்டைக் கோபுரத்தைப் பார்த்து இவர் கட்டியது என்று நினைக்க வேண்டாம். அது நூறு ஆண்டு பிந்தையது. லிங்கன்ஷயர், எசெக்ஸ், ஆக்ஸ்ஃபோர்ட்ஷயர் போன்ற மற்ற இடங்களில் இருந்தவை துண்டு துக்காணி; அவற்றை விட்டுவிடுகிறேன்.

வாரன் நல்லவர், எல்லாம் முறைப்படி வந்தது என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பெட்ஃபோர்ட்ஷயர் பதிவில் ஒரு புகார் இருக்கிறது. அரசரின் அதிகாரியே வில்லியம் ஸ்பெக் என்ற இன்னொரு நார்மனுக்கு ஒப்படைத்த நிலத்திலிருந்து, அரச ஆணை ஏதும் இல்லாமல் வாரன் அவரை வெளியேற்றினார். அதோடு அவருடைய ஆட்களின் இரண்டு குதிரைகளையும் பிடித்துக்கொண்டார். இன்னும் திருப்பித் தரவில்லை என்று எழுத்தர் குறித்திருக்கிறார். வட்டாரத்து மக்களும் சாட்சி சொல்லியிருக்கிறார்கள். ஆயிரம் பவுண்டு வருமானம் உள்ளவர், இரண்டு குதிரைக்காக! இது படையெடுப்பு அல்ல. எந்த ஊரிலும் நடக்கும் வரப்புத் தகராறு. நார்ஃபக்கில் யாருக்கும் அடிமையாக இல்லாமல் இருந்த சிறு நிலக்காரர்கள் பலர், முன்பு யாரிடம் பாதுகாப்புக்குப் போயிருந்தார்கள் என்ற நூலிழைக் காரணத்தை வைத்து வாரனின் கணக்கில் சேர்க்கப்பட்டார்கள். அவர்களுக்காகச் சாட்சி சொல்ல வந்தவர்கள் குறைவு.

வாளை அவர் உண்மையாகவே எடுத்த இடம் 1075இல் வருகிறது. ஹெரஃபோர்ட் பிரபுவும் கிழக்கு ஆங்கிலியாவின் ரால்ஃபும் ஒரு திருமண விருந்தில் கூடி அரசருக்கு எதிராகச் சதி செய்தார்கள். அரசர் நார்மண்டியில் இருந்தார். இங்கே நீதி நிர்வாகப் பொறுப்பில் இருந்தவர்கள் வாரனும் ரிச்சர்ட் ஃபிட்ஸ் கில்பர்ட்டும். இவர்கள் அழைப்பாணை அனுப்பினார்கள், கலகக்காரர்கள் வரவில்லை, போர் நடந்தது. வென்றபின் பிடிபட்டவர்களின் வலது பாதத்தை வெட்டினார்கள். பின்னால் அடையாளம் தெரிய வேண்டும் என்பதற்காக என்று அடுத்த தலைமுறைத் துறவி ஒருவர் எழுதுகிறார். அந்த வெற்றிக்கு வாரன் ரத்தம் சிந்தியதும் பிறரைச் சிந்தவைத்ததும் அரசருக்காக; நிலம் அதற்கான கூலி.

இந்தச் செல்வத்தில் ஒரு பங்கு கடவுளுக்கும் போனது. வாரனும் குந்த்ராடாவும் ரோமாபுரிக்கு யாத்திரை கிளம்பினார்கள். போப்புக்கும் ஜெர்மானியப் பேரரசருக்கும் நடந்த சண்டையால் வழி அடைபட்டது. பர்கண்டியில் க்ளூனி மடத்தில் தங்கினார்கள். அந்த ஒழுங்கில் மயங்கி, தம் ஊரிலும் அப்படி ஒரு மடம் வேண்டும் என்று மடாதிபதி ஹியூவிடம் கேட்டார்கள். அவர் எளிதில் இசையவில்லை. கடைசியில் லான்சோ என்பவர் தலைமையில் நான்கு துறவிகளை அனுப்பினார். 1077 வாக்கில் லூயிஸ் நகருக்குத் தெற்கே எழுந்த புனித பான்கிராஸ் மடம்தான் இங்கிலாந்தின் முதல் க்ளூனி மடம். அதற்கு ஃபால்மர் முதலிய ஊர்கள் மானியமாயின. 1085இல் காசில் ஏக்கரில் பிரசவத்தின்போது குந்த்ராடா இறந்தார். உடலை அவ்வளவு தொலைவிலிருந்து லூயிஸுக்குக் கொண்டுவந்து அடக்கம் செய்தார்கள். குந்த்ராடா அரசரின் மகள் என்று நீண்ட காலம் நம்பி வந்தார்கள். மடத்துப் போலிப் பத்திரங்கள் கிளப்பிவிட்ட கதை அது. அது தவறு என்று பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆய்வாளர்கள் நிறுவிவிட்டார்கள்.

1087இல் அரசர் இறந்ததும் மகன்களுக்குள் சிக்கல். இங்கிலாந்து இளையவர் ரூஃபஸுக்கு, நார்மண்டி மூத்தவர் ராபர்ட்டுக்கு. இரு கரையிலும் நிலம் உள்ள பிரபுக்களுக்கு இது கொடுங்கனவு. எந்தப் பக்கம் சாய்ந்தாலும் மறு பக்கத்துச் சொத்து போகும். பலர் 1088இல் ராபர்ட் பக்கம் சாய்ந்தார்கள். வாரன் ரூஃபஸோடு நின்றார். கலகக்காரர்களில் ஒருவரான மோர்த்தேன் பிரபு ராபர்ட், சசெக்ஸில் இவருக்கு அடுத்த பட்டைக்காரர். அவருடைய பெவன்சி கோட்டையைத்தான் அரசரின் படை முற்றுகையிட்டது. விசுவாசத்துக்கு வாரனுக்குச் சர்ரே பிரபு என்ற பட்டம் கிடைத்தது. 1086 கணக்கில் அந்த மாவட்டத்தில் அவருக்குச் சொல்லும்படியாக ஒன்றும் கிடையாது. அப்போது அரசரிடம் இருந்த ரெய்கேட் பிறகு வாரன் குடும்பத்தின் கைக்கு வந்தது. பட்டம் முதலில், நிலம் பின்னால். பெவன்சி முற்றுகையில் காலில் அம்பு தைத்தது. லூயிஸுக்குத் தூக்கி வந்தார்கள். 1088 ஜூன் 24 அன்று இறந்தார்.

அவர் இறப்பைப் பற்றி ஈலி மடத்துத் துறவிகள் எழுதி வைத்ததைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. அவர்களுடைய நிலத்திலும் வாரன் கைவைத்திருந்தார். அன்றிரவு மடாதிபதி படுத்திருந்தபோது, பேய்கள் இழுத்துச் செல்லும் ஓர் ஆன்மாவின் ஓலம் கேட்டதாம். அது வாரனின் குரல் என்று அடையாளம் கண்டுகொண்டாராம். சில நாளில் இறப்புச் செய்தி வந்தது, அதே நேரம். வாரனின் இரண்டாம் மனைவி கணவரின் ஆன்ம சாந்திக்காக 100 ஷில்லிங் அனுப்பினார். நரகத்துக்குப் போனவரின் பணம் எங்களுக்கு வேண்டாம் என்று மடம் திருப்பி அனுப்பிவிட்டது. லூயிஸ் துறவிகளோ அவருக்காக நாள்தோறும் வேண்டினார்கள். நிலம் பெற்ற மடத்துக்கு ஒரு வாரன், நிலம் இழந்த மடத்துக்கு ஒரு வாரன்.

எட்டாம் ஹென்றி காலத்தில் லூயிஸ் மடம் இடிக்கப்பட்டது. 1845இல் அந்த இடத்தின் குறுக்கே ரயில் பாதை வெட்டிய தொழிலாளர்கள் இரண்டு ஈயப் பெட்டிகளைக் கண்டெடுத்தார்கள். மூடிகளில் வில்லெல்ம், குந்த்ராடா என்ற பெயர்கள். எலும்புகளை மட்டும் திரட்டி மறு அடக்கம் செய்த சிறு பெட்டிகள். இன்று அவை அருகிலுள்ள சவுத்ஓவர் தேவாலயத்தில் இருக்கின்றன.

துருப்பிடித்த வாளுக்கு ஒருமுறை திரும்பிவிடுகிறேன். 1204இல் இங்கிலாந்து அரசர் ஜான் நார்மண்டியை பிரெஞ்சு அரசரிடம் இழந்தார். வாரன் குலத்தின் நார்மன் நிலங்களும், 1054இல் வந்த மோர்த்தமேர் உட்பட, கைவிட்டுப் போயின. அன்றைய வாரன் மீண்டும் ஈடு கேட்டார். நார்மண்டி திரும்பக் கிடைக்கும்வரை வைத்துக்கொள்ளுங்கள் என்று கிராந்தம், ஸ்டாம்ஃபோர்ட் ஆகிய ஊர்களை அரசர் கொடுத்தார். நார்மண்டி திரும்பவில்லை. நீதிபதிகள் முன் வாளை நீட்டியதாகச் சொல்லப்படும் ஜான், அந்த வாரனின் மகன். 1279இல் அவரும் ஸ்டாம்ஃபோர்டை வைத்திருந்தார், அதுவும் அரசர் கொடுத்த மானியமாக.